சாம்பல் பாத்தி

கடலை உள்ளே இழுத்து, உப்பை உரித்து
ஊருக்கு அனுப்புகிற இடத்தில் எனக்கு வேலை.
சூர் நகரத்தில் யார் பல் துலக்கினாலும்
அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு
என் சோதனைக் குப்பியில் நின்றுவிட்டுப் போயிருக்கும்.
அதனாலோ என்னவோ
வீட்டுக்காரர் ஹமூத் வளர்த்த புல்தரையைப் பார்க்கும்போதெல்லாம்
காதுக்குள் மீட்டர் ஓடியது.

“பிடுங்கிக்கொள். மொட்டைத் தரையாக மட்டும் விடாதே” என்றார்.

நர்சரியில் மொஃபிஸ் எடுத்துவைத்தான்:
வெள்ளியிலைப் புதர் நான்கு,
மாசிபத்திரி மூன்று,
வறண்ட ஓடையிலிருந்து அவனே பெயர்த்த பூளை இரண்டு.
எல்லாமே நெடுங்காய்ச்சலில் கிடந்து
அன்றுதான் எழுந்து உட்கார்ந்தவைபோல் இருந்தன.
“செடியா, தூசியா?”
சற்குணம் ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.
வெள்ளை விலகி அடியில் பச்சை.
“அட, உள்ளே ஆள் இருக்கு!”

நான்கு நாளில்
அந்த விரலடையாளம் மட்டும் பழுப்பாய்க் கருகியது.
அழுக்கென்று அவர் துடைத்தது
அதன் குடையை.

முதல் கோடையில் பயந்துபோனேன்.
விடியலில் ஒரு வாளி, இருட்டியபின் ஒரு வாளி.
நாற்பத்தேழு டிகிரியில் நின்றால்
எனக்கு என்ன வேண்டுமோ அதையே கொடுத்தேன்.
மாசிபத்திரி மூன்றும் கழுத்தோடு கறுத்தன.
இழுத்தால் வேர் வரவில்லை, கூழ் வந்தது.
மொஃபிஸ் குந்தி உட்கார்ந்து முகர்ந்தான்.
எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில் சொன்னான்:
“அக்கா, இது தாகத்தில் சாகவில்லை.”

பிறகு, எரு மூட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
குழியில் பாதிக்குச் சரளைக்கல்.
விரலை மண்ணில் விடு,
இரண்டாம் கணுவரை காய்ந்திருந்தால்
இன்னும் நாலு நாள் பேசாமல் இரு.
இந்தப் பேசாமல் இருப்பதுதான்
எந்தப் படிப்பிலும் எனக்கு வராத பாடம்.

அந்த வருடம் கடல் துருப்பிடித்தது.
செம்பாசி. மைல் கணக்கில்.
வடிகட்டிகள் மூச்சடைத்து நிலையத்தை நிறுத்தினோம்.
பதிவேட்டில் உற்பத்திக் கட்டத்தில்
என் கையால் சுழியம், கீழே இன்னொரு சுழியம், ஆறு நாள்.
தெருவில் நீல டாங்கர் வரிசை.
பக்கத்து வீட்டு ஷம்ஸா
அரிசி கழுவிய தண்ணீரை வாழைக்கன்றுக்கு ஏந்திப் போவாள்,
என்னைப் பார்த்தால் ஒன்றும் கேட்கமாட்டாள்.

இரவு வேலை முடிந்து வந்து பாத்தியருகே நிற்பேன்.
கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.
அவை கேட்கவும் இல்லை.
இலையைச் சற்றே திருப்பி,
வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு
வேலையில் இருந்தன.

ஏழாம் இரவு வால்வு திறந்தது.
குழாய் முதலில் இருமியது, பிறகு காவி நிறம், பிறகு தண்ணீர்.
ஹோஸை இழுத்துவந்து பாத்தி முழுக்க நனைத்தேன்.
தெரிந்தேதான்.
“விடு, ஒருநாள்தானே” என்றார் சற்குணம்.
ஒரு பூளை போயிற்று.

செப்டம்பரில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துவந்தது.
மழை இல்லை.
ஏசி அறையின் சன்னல் வெளிப்பக்கமாக வியர்த்தது, அவ்வளவே.
புதர் நான்கும் ஒரே இரவில்
கணுக்கணுவாய் ஊதாப் பூத்துவிட்டன,
வராத மழைக்கு.

வாடகை வாங்க வந்த ஹமூத்
வண்டிக் கதவைச் சாத்த மறந்து நின்றார்.
“எவ்வளவு ஊற்றுகிறாய்?”
கன மீட்டரில் பதில் சொல்லியே பழகியவள் நான்.
மண்ணில் விரலை விட்டு
எடுத்துக் காட்டினேன்.
எதுவும் ஒட்டியிருக்கவில்லை.